அழிவு முந்துமுன் அளந்து வைப்போம்

2019 ஏப்ரல் 15 ஆம் திகதி மாலை பாரிஸ் நகரின் நோத்ர டாம் பேராலயம் தீப்பற்றி எரிந்தது. ஓக் மரத்தாலான கூரை சாம்பலாகியது. 19 ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கூர்ங்கோபுரம் சரிந்து வீழ்ந்தது. ஆயினும் அப்பேராலயத்தின் அளவுகள் தீக்கு இரையாகவில்லை. அமெரிக்காவின் வசார் கல்லூரிக் கலை வரலாற்றுப் பேராசிரியர் அன்ட்ரூ டலன், பல ஆண்டுகளுக்கு முன்னரே அதனை லேசர் கதிரால் அளந்து வைத்திருந்தார். 2018 நவம்பரில் காலமான அவர், தமது உழைப்பின் பயனைக் காணவில்லை.

லேசர் அளவை என்பது யாது? ஒரு கருவி நாலாபுறமும் ஒளிக்கதிரைப் பாய்ச்சுகிறது. சுவரிற் பட்டுத் திரும்பும் கதிரைக் கொண்டு அவ்விடத்தின் தூரம் கணிக்கப்படுகிறது. இவ்வாறு பெறப்படும் எண்ணிறந்த புள்ளிகள் கணினியில் ஒன்றுசேர்ந்து கட்டடத்தின் முப்பரிமாண வடிவத்தைத் தருகின்றன. ஓரிடத்திலிருந்து மாத்திரம் அளந்தால் தூண்களுக்கு அப்பாலுள்ளவை மறைந்துவிடும். ஆகையால் டலன் 50 இற்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளைச் சேகரித்தார்.

இத்தகைய பதிவு இல்லாவிடின் நேரும் இழப்பைப் பாமியன் உணர்த்தியது. 2001 மார்ச்சில் அங்கிருந்த 55 மீற்றர், 38 மீற்றர் உயரமான புத்தர் சிலைகளைத் தலிபான்கள் தகர்த்தனர். பெரிய சிலையின் வடிவத்தைக் கணினியில் மீட்க முனைந்த சூரிச் ஆய்வாளர்கள், 1970 இல் எடுக்கப்பட்ட புகைப்படங்களையே நம்ப வேண்டியிருந்தது. ஈராக்கின் மொசூல் நகரிற் பிறந்த பொறியியலாளர் பென் கசிரா, அவ்வழிவு கண்டு 2003 இல் 'சைஆர்க்' நிறுவனத்தைத் தொடங்கினார். உகண்டாவின் கசுபி அரச கல்லறைகள் 2009 இல் அளக்கப்பட்டன. மறு ஆண்டு மார்ச்சில் அங்குள்ள பிரதான மண்டபம் எரிந்தழிந்தது.

எனினும் அளவு வேறு, பொருள் வேறு. நோத்ர டாம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதற்கு, கணினிப் பதிவுகளுடன், 2014 இல் இரு கட்டடக் கலைஞர்கள் வரைந்து வைத்த கூரைப் படங்களும் மரம் செதுக்கத் தெரிந்த கைவினைஞர்களும் தேவைப்பட்டனர்.

போரையும் கடற்கோளையும் கண்ட நம் நாட்டிலும் இது சிந்திக்கத்தக்கது. பகைமை மாத்திரமன்றி, திருப்பணி, விஸ்தரிப்பு என்ற நன்னோக்கங்களும் பழைய சுவர்களை அகற்றிவிடுகின்றன. லேசர் கருவி கிட்டாவிடினும், பல கோணங்களில் ஒழுங்காக எடுக்கப்பட்ட புகைப்படங்களிலிருந்தே முப்பரிமாண வடிவத்தைப் பெறலாம். கோவில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும், முதற் கல்லைப் பெயர்க்குமுன் அப்பதிவைச் செய்து வைப்பது வருங்காலச் சந்ததிக்குச் செய்யும் பெருங்கடனாகும்.