எம்பிபிஎஸ் சேர்ந்தாச்சு, ஆனா கம்ப்யூட்டர் தெரியலையே! மருத்துவ மாணவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம்?

நீட் தேர்வு பேனாவும் ஓஎம்ஆர் தாளுமாக நடத்தப்பட்டு வந்த தேர்வு. அதை எழுதி எம்பிபிஎஸ் சேரும் ஒருவர், ஒரு நாள்கூட கம்ப்யூட்டர் முன் உட்காராமலேயே மருத்துவக் கல்லூரி வாசலுக்கு வந்துவிட முடியும். ஆனால், அங்கிருந்து மேற்படிப்புக்குப் போக எழுதும் நீட் பிஜி முழுக்க கம்ப்யூட்டர் வழித் தேர்வு. 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். இடையில் இருக்கும் ஐந்தரை ஆண்டுகளில் கம்ப்யூட்டரை யார் சொல்லிக் கொடுப்பது?

பாடத்திட்டத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. 2019-ல் அமலுக்கு வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில், முதல் மாதம் 'ஃபவுண்டேஷன் கோர்ஸ்' என்று ஒதுக்கப்பட்டது. மொத்தம் 175 மணி நேரம். அதில் 40 மணி நேரம் மொழிக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து. ஆங்கிலம், உள்ளூர் மொழி, கம்ப்யூட்டர் மூன்றும் அந்த 40-க்குள் அடங்க வேண்டியிருந்தது. தமிழ் வழியில் பிளஸ் 2 முடித்த மாணவருக்கு ஆங்கிலத்துக்கே அந்த நேரம் பத்தாது.

தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு உள்ளது. வீட்டில் லேப்டாப் இல்லாத பிள்ளைகளும் இதன்மூலம் வருகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சி வெறும் சம்பிரதாயமாகப் போய்விடக் கூடாது. 2025-26 தமிழக பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிக்கப்பட்டதில் மருத்துவ மாணவர்களும் அடக்கம்.

செல்போன் தெரிந்தால் போதாதா?

போதாது. யூடியூப்பில் உடற்கூறியல் வீடியோ பார்ப்பது, ஆப்பில் எம்சிக்யூ போடுவது எல்லாம் இன்று எல்லோரும் செய்வதுதான். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. ஒரு சின்ன உதாரணம். 100 நோயாளிகளின் விவரத்தை எக்செல்லில் ஏற்றச் சொல்கிறார்கள். வயது என்ற கட்டத்தில் ஒருவருக்கு '45', இன்னொருவருக்கு '45 வயது', மூன்றாமவருக்கு '4 மாதம்' என்று அடித்தால் என்ன ஆகும்? சராசரி போட்டால், எழுத்து கலந்த கட்டங்களை எக்செல் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. விடை வரும், ஆனால் தப்பாக வரும். அது தப்பு என்பதும் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகள் எல்லோரும் கணக்கிலிருந்து காணாமல் போன ஒரு ஆய்வை நம்பி நாளை ஒருவர் மருந்து எழுதலாம்.

தேடுவதும் அப்படித்தான். கூகுளில் நோயின் பெயரை அடித்தால் விளம்பரமும் கலந்து வரும். பப்மெட் தளம் 1997-லிருந்தே எல்லோருக்கும் இலவசம். ஆனால், ஒரே நோய்க்கு நாலு பெயர் இருந்தால் அத்தனைக்கும் சேர்த்துத் தேட அதில் தனி முறை இருக்கிறது. அதை யாராவது உட்கார வைத்துக் காட்டினால்தான் பிடிபடும்.

ஆன்லைனிலேயே படித்து டாக்டர் ஆக முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கஷ்டப்பட்டவர்கள் வெளிநாட்டில் படித்த நம் மாணவர்கள். 2020 தொடக்கத்தில் கொரோனாவால் சீனாவிலிருந்து ஊர் திரும்பியவர்களால் நீண்ட காலம் திரும்பிப் போக முடியவில்லை. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் உக்ரைனிலிருந்தும் வந்துவிட்டார்கள். கல்லூரிகள் ஆன்லைனில் வகுப்பு எடுத்தன. சிலருக்குப் பட்டமும் கொடுத்துவிட்டன. ஆனால், நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் படித்த கிளினிக்கல் பயிற்சியை ஏற்க தேசிய மருத்துவ ஆணையம் மறுத்தது.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 2022 ஏப்ரல் 29-ல் உச்ச நீதிமன்றம், இந்த மாணவர்களுக்காக ஒரு திட்டம் வகுக்குமாறு ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி, கடைசி ஆண்டில் ஊர் திரும்பி, 2022 ஜூன் 30-க்குள் பட்டம் பெற்றவர்கள் எஃப்எம்ஜிஇ தேர்வு எழுத அனுமதிக்கப்பட்டார்கள். ஆனால், அதில் தேறிய பிறகு ஓராண்டுக்குப் பதில் 2 ஆண்டுகள் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். இது ஒருமுறை சலுகை மட்டுமே.

கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பத்துக்கு கூடுதலாக ஓர் ஆண்டு என்பது பெரிய சுமை. ஆனாலும் ஆணையத்தின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. மண்ணீரல் வீங்கியிருப்பதை விரல் நுனியில் உணர வேண்டும். அதை எந்த வீடியோவும் சொல்லித் தராது.

அப்போ ஆன்லைன் படிப்பு வீணா?

இல்லவே இல்லை. ஆராய்ச்சி முறை, புள்ளியியல், மருத்துவ நெறிமுறை போன்ற பாடங்களை ஆன்லைனில் தாராளமாகப் படிக்கலாம். முதுநிலை மாணவர்கள் கட்டாயம் முடிக்க வேண்டிய ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பே ஆன்லைனில்தான் நடக்கிறது. நடத்துவது சென்னையில் இருக்கும் ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். வீடியோ பாடம், பயிற்சிக் கேள்விகள், கடைசியில் நேரில் போய் எழுதும் தேர்வு என்று போகும்.

எம்பிபிஎஸ் மாணவர்கள் பிஜி வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதே நிறுவனம் என்பிடெல் தளத்தில் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' என்ற படிப்பையும் தந்திருக்கிறது. என்பிடெல்லில் பாடம் பார்க்கக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். பாடங்களை செல்போனிலேயே பார்த்துவிடலாம். எக்செல் பழக மட்டும் கல்லூரி நூலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைத் தேடிப் போங்கள்.