பேட்டரி இல்லாத கார்டு எப்படிக் கணக்குப் போடுகிறது?

கருவி மேல் காட்டினாலே கதவைத் திறக்கும் கார்டுகள் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். "உள்ளே பேட்டரியே இல்லையே, சிப் எப்படி இயங்குகிறது?"

கார்டுக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உள்ளது. கருவி வெளியிடும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து அது மின்சக்தியைப் பெறுகிறது. கிடைப்பது மிகச் சொற்பம். ரகசியக் குறியீட்டுக் கணக்கை அதற்குள் முடிக்க வேண்டும். சிப் கூடுதலாக இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து, பாதியிலேயே ரீசெட் ஆகிவிடும். கதவு திறக்காது.

அந்தக் கணக்கு நாம் பள்ளியில் படித்தது அல்ல. 2001ல் அமெரிக்கா தரமாக அறிவித்த ஏ.இ.எஸ். முறையில், 174ஐ 2ஆல் பெருக்கினால் விடை 71! அச்சுப் பிழை இல்லை. இங்கு 0 முதல் 255 வரை மட்டுமே எண்கள். விடையும் அதற்குள்தான் வர வேண்டும். இதனை முடிவுறு புலம் என்பார்கள். 1832ல், 20 வயதில், துப்பாக்கிச் சண்டையில் உயிர்விட்ட பிரெஞ்சு இளைஞர் எவரிஸ்ட் கலுவா தந்த கணிதம் இது.

நீங்களே சோதிக்கலாம். விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் வகையைத் தேர்ந்தெடுங்கள். 174ன் இரு மடங்கான 348ஐக் கொடுத்து, எக்ஸ்ஆர் அழுத்தி, 283 கொடுங்கள். 71 வரும். (255ஐத் தாண்டினால்தான் இந்தத் திருத்தம்.) இரண்டு பிட்கள் வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0, எக்ஸ்ஆர் செய்வது இவ்வளவே. "மனதில் ஒன்று" வைத்துக்கொள்ளும் வேலையே இல்லை. ஆகவே 2ஆல் பெருக்க மூன்று எக்ஸ்ஆர் கேட்கள் போதும்.

எல்லாப் பெருக்கலும் இவ்வளவு எளிதல்ல. சில டிஜிட்டல் கையெழுத்து முறைகளில் 233 பிட் நீள எண்களைப் பெருக்க வேண்டும். ஒரே வீச்சில் முடிக்க நேரடியாக அமைத்தால் 233 × 233, அதாவது 54,289 ஆண்ட் கேட்கள் தேவை. எக்ஸ்ஆர் கேட்கள் தனி.

இங்கேதான் மின்சக்தி வீணாகிறது. சிப்பில் ஒரு பிட் 0விலிருந்து 1ஆக மாறும்போதும், திரும்பும்போதும்தான் பெரும்பாலான செலவு. ஆண்ட் கேட்டில் ஒரு பக்கம் 0 இருந்தால், மறுபக்கம் என்ன ஆடினாலும் விடை 0தான். எக்ஸ்ஆர் அப்படித் தடுக்காது. எந்தப் பக்கம் மாறினாலும் விடையும் மாறும். சிக்னல்கள் முன்பின்னாக வந்தால், சரியான விடைக்கு முன் அது பலமுறை வீணாகத் துள்ளும். அடுத்த கேட்டும் துள்ளும். எனவே வடிவமைப்பாளர்கள் எல்லாப் பாதைகளையும் ஏறக்குறைய சம நீளமாக, மரக்கிளை போல அமைக்கிறார்கள். வேலை இல்லாத நேரத்தில் உள்ளீடுகளை அசையாமல் நிறுத்தியும் வைக்கிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பிட் என மெதுவாகப் பெருக்கினால் சிக்கனம்தானே? நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தந்தக் கணத்தில் இழுக்கும் சக்தி குறையும் என்பது உண்மை. ஆனால் 233 கிளாக் துடிப்புகள் ஆகும். ஒவ்வொன்றுக்கும் ரிஜிஸ்டர்கள் சக்தி தின்னும். சிக்னலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் ஸ்கூட்டர் போலத்தான். துடிப்புக்கு நான்கு பிட் என எடுத்தால் 59 துடிப்புகளில் முடியும். கார்டுக்கு இந்த நடுவழியே ஏற்றது என்பது என் கருத்து.

கார்டை வீசி எடுக்காமல், கருவியை ஒட்டித் தட்டையாக ஒரு நொடி வைத்திருங்கள். சுருளுக்குப் போதிய சக்தி கிடைக்கும்.