அப்பா வழி வந்த நாடு

பார்னபி ஜாய்ஸ் ஆஸ்திரேலியாவின் டாம்வொர்த்தில் 1967-இல் பிறந்தவர். அகலத் தொப்பியும் நாட்டுப்புறப் பேச்சுமாகத் துணைப் பிரதமர் நாற்காலி வரை வந்துவிட்டவர். 2017 ஆகஸ்ட் 14 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து, தான் நியூசிலாந்துக் குடிமகனாகவும் இருக்கக்கூடும் என்றார். சில நாட்களுக்கு முன்பு நியூசிலாந்துத் தூதரகம் சொல்லித்தான் அவருக்கே தெரியுமாம்.

அவருடைய அப்பா 1924-இல் நியூசிலாந்தில் பிறந்து, 1947-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். அவர் கிளம்பிய காலத்தில் நியூசிலாந்துக் குடியுரிமை என்று தனியாக ஒன்று கிடையாது. அங்கிருந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். தனிக் குடியுரிமைச் சட்டம் 1949 ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஊரைவிட்டுப் போனவரையும் அது தேடிப்பிடித்துக் குடிமகனாக்கியது. பதினெட்டு ஆண்டு கழித்துப் பிறந்த மகனுக்கும் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டது. மனு, பாஸ்போர்ட், கையெழுத்து எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சாதாரண ஆஸ்திரேலியர் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அங்கே இரட்டைக் குடியுரிமை குற்றமல்ல. ஆனால் 1901-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது.

ஜாய்ஸுடன் சேர்த்து ஏழு பேரின் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம். அவர்களில் ஃபியோனா நாஷ், ஸ்காட்லாந்துக்காரத் தந்தையோடு அதிகத் தொடர்பில்லாமல் வளர்ந்தவர். விண்ணப்பித்தால்தான் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைக்கும் என்று நம்பியிருந்தார். நம்பிக்கை உதவவில்லை. அக்டோபர் 27 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: தெரியாது என்பது பதிலாகாது. ஐந்து பேர் உறுப்பினராகத் தகுதியற்றவர்கள் என்றானது.

தப்பித்தவர்களில் ஒருவர் நிக் செனஃபோன். சைப்ரஸ் பிரிட்டனின் கையில் இருந்த காலத்தில் அங்கிருந்து வந்தவர் அவர் தந்தை. அப்பா வழியில் மகனுக்குக் கிடைத்திருந்ததும் ஒரு வகை பிரிட்டிஷ் குடியுரிமைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பிரிட்டனுக்குள் நுழையவோ வசிக்கவோ உரிமையில்லை. சாவி இருக்கிறது, கதவுதான் இல்லை! அதனால் பிழைத்தார்.

தீர்ப்பு கறார்தான். என்றாலும் எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டால், விசாரித்துப் பார்த்தவர் மாட்டிக்கொள்வார், விசாரிக்காதவர் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். உறுத்துவது சட்டம்தான். ஆஸ்திரேலியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தாயோ தந்தையோ வெளிநாட்டில் பிறந்தவர். அவர்கள் தேர்தலில் நிற்க முடியுமா என்பதை ரோமிலும் லண்டனிலும் எழுதிய சட்டங்கள் முடிவு செய்கின்றன. அவை மாறினால் இவர்கள் நிலையும் மாறும்.

ஜாய்ஸ் நியூசிலாந்துக் குடியுரிமையைத் துறந்தார். டிசம்பர் 2-இல் தன் பழைய தொகுதியான நியூ இங்கிலாந்தில் இடைத்தேர்தலில் நின்று, ஏறக்குறைய 65 விழுக்காடு வாக்கோடு திரும்பி வந்தார். இப்போது வேட்புமனுவோடு ஒரு படிவமும் கட்டாயம். பெற்றோர் மட்டுமல்ல, தாத்தா பாட்டிகள் பிறந்த இடத்தையும் அதில் எழுத வேண்டும்.