அளந்து குடிக்கும் தண்ணீர்

பள்ளியில் தண்ணீர் மணி அடித்ததும் பிள்ளைகள் பாட்டிலைத் திறப்பார்கள். நானும் திறப்பேன், இரண்டு வாய் மட்டும் குடித்துவிட்டு மூடிவிடுவேன். காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் எனக்கு அளவு.

மூன்று ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். வாரம் இரண்டு முறை, முறைக்கு 4 மணி நேரம். வாரத்தின் 168 மணி நேரத்தில் இயந்திரம் உழைப்பது 8 மணி நேரம்தான். மீதி 160 மணி நேரத்தில் சாப்பிடுவதும் குடிப்பதும் பெரும்பாலும் உடம்பிலேயே தங்கும்.

முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு அரை லிட்டரைக் கூட்டிக்கொள்வது பொதுவான கணக்கு. ஒரு லிட்டர் தங்கினால் எடை ஒரு கிலோ கூடும். அதனால் தினமும் காலையில் எடை பார்க்கிறேன். அளவு மீறினால் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். சேர்ந்த நீரை ஒரே நாளில் இழுத்தெடுக்கும்போது இரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வரும்.

தண்ணீரைக் குறைக்க மனஉறுதி போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஓட்டல் சாம்பார் இவற்றை விட்ட பிறகே தாகம் அடங்கியது. இந்துப்பு நல்லது என்று பலர் சொன்னார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ இன்னும் ஆபத்து. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள்.

பொட்டாசியம் என்ன செய்யும் என்பதை அனுபவித்தே கற்றேன். ஒன்பதாம் வகுப்புக்குச் சிறுநீரகப் பாடம் நடத்துகிறவன் நான். முழு ஆண்டுத் தேர்வுப் பணி முடிந்து வெயிலில் வந்தவன், இயற்கையானதுதானே என்று இரண்டு இளநீர் குடித்தேன். இரவில் கால்கள் துவண்டு எழ முடியவில்லை. இரத்தத்தில் 5-க்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் 7-ஐத் தாண்டியிருந்தது. இதயத் துடிப்பே நின்றுபோகும் நிலை அது. நள்ளிரவில் அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுகிறோம். ‘காய் வெந்த நீரைக் கொட்டாதீர்கள், சத்து போய்விடும்’ என்று வகுப்பில் சொல்லி வந்தவன் நான்! வாழைப்பழம், ஆரஞ்சு கிடையாது. ஆப்பிள் கொஞ்சம் உண்டு. டயாலிசிஸில் புரதமும் வெளியேறுவதால் முட்டை வெள்ளைக்கரு தினமும் உண்டு. இவையெல்லாம் என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொன்னவை. மற்றவருக்கு அளவு மாறும்.

சென்ற மாதம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். “சார், எங்கப்பாவுக்கும் டயாலிசிஸ். தண்ணி கேட்டா அம்மா தரமாட்டேங்கிறாங்க. ராத்திரி நான் எழுந்து யாருக்கும் தெரியாம சொம்புல குடுத்துடுறேன். தப்பா சார்?”

அவளைத் திட்ட மனம் வரவில்லை. ஆய்வகத்திலிருந்து ஒரு அளவுச் சாடியை எடுத்து, அவள் சொன்ன அளவுச் சொம்பில் எவ்வளவு பிடிக்கும் என்று அளக்கச் சொன்னேன். 600 மில்லி. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அப்பாவுக்கு நா வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பலாம், அளவுக்குள் ஒரு சிறு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். மறுநாள் அவள் அம்மாவும் வந்தார். குழம்பில் எவ்வளவு உப்பு போடுகிறார் என்பதிலிருந்து பேசத் தொடங்கினோம்.