கணனியின் வேர் கணக்கிலே

கந்தப்பளையிலிருந்து ஆசிரியர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருந்தார். தமது மாணவர்கள் கணனியை வெளிநாட்டவரின் மந்திரப் பெட்டியாகவே கருதுகின்றனர் என்றும், அதன் கதையில் எமது நாட்டுக்கு ஏதேனும் இடமுண்டா என வினவுகின்றனர் என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். இடமுண்டு என்பதே எமது பதில்.

இரண்டாம் உலக யுத்தத்தில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழும் நிலையில் இருந்தபோது, அங்கு இயங்கிய பிரித்தானியக் கடற்படையின் மறைசெய்திப் பிரிவு 1942 ஜனவரியில் கொழும்புக்கு மாற்றப்பட்டது. பெம்புரோக் கல்லூரி என்ற பாடசாலையே அதன் இருப்பிடமாயிற்று. ஜப்பானியக் கடற்படையின் வானொலிச் செய்திகளின் பொருளை அறிவதே அதன் பணி.

ஜப்பானியர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்திலக்க எண் ஒன்றை வகுத்திருந்தனர். அதனுடன் வேறொரு நூலிலிருந்து எடுத்த எண்ணைக் கூட்டியே செய்தியை அனுப்பினர். ஆயினும், தவறுகளைக் கண்டறியும் பொருட்டு மூல எண்கள் யாவும் மூன்றால் வகுபடுமாறு அமைத்திருந்தனர். இந்த ஒழுங்கே அவர்களைக் காட்டிக் கொடுத்தது. கூட்டப்பட்ட எண்ணை ஊகித்துக் கழித்தபின் எஞ்சுபவை மூன்றால் வகுபட்டால், ஊகம் சரியென நம்ப இடமிருந்தது. ஓர் எண் மூன்றால் வகுபடுமா என்பதை அதன் இலக்கங்களைக் கூட்டி அறியலாம் என்பது எமது பாடசாலைச் சிறுவருக்கும் தெரிந்த கணக்கன்றோ!

மார்ச் மாத இறுதியில் இப்பிரிவு வரவிருக்கும் தாக்குதல் பற்றி எச்சரித்தது. ஏப்ரல் முதலாம் திகதி எதிர்பார்க்கப்பட்ட விமானங்கள் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின்மீது குண்டு பொழிந்தன. முன்னறிவித்தல் கிடைத்திருந்தமையால் பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டு ஏற்கனவே வெளியேற்றப்பட்டிருந்தன. இவ்வளவையும் சாதித்தவை மனித மூளையும் பென்சிலும் காகிதமுமே.

எண்ணிப் பார்த்து இரகசியத்தை அறியும் இக்கலை ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என எண்ணி மறைசெய்தியை வாசிக்கும் முறையை நூலாகவே எழுதி வைத்தார்.

அந்த எண்ணும் வேலையையே இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் 1944இல் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஜேர்மனியரின் 'லொரென்ஸ்' மறைகுறிக் கருவியைக் கண்ணால் காணாமலே அதன் அமைப்பைக் கணித்தறிந்தவர் பில் டட். அதனை வெல்ல 'கொலோசஸ்' என்ற இலத்திரனியல் இயந்திரத்தை அமைத்தவர் தபால் திணைக்களப் பொறியியலாளர் டொமி பிளவர்ஸ். முதல் இயந்திரத்தில் ஏறத்தாழ 1,600 வால்வுகள் இருந்தன. காகித நாடாவிலிருந்து நொடிக்கு 5,000 எழுத்துக்களை வாசித்து, குறித்த பொருத்தம் எத்தனை முறை நேர்கிறது என்பதை அது எண்ணியது. அதனை இயக்கியவர்கள் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். 1970கள் வரை இவை யாவும் இரகசியமாகவே காக்கப்பட்டன. அவர்களது உழைப்பை உலகம் அறியவில்லை.

யுத்தம் முடிந்தபின் கணனி அலுவலகத்துக்குள் நுழைந்த கதையில் தேயிலையும் கலந்திருக்கிறது. வர்த்தக அலுவல்களுக்கெனக் கணனி ஒன்றை 1951இல் முதன்முதலாகப் பயன்படுத்தியது, தேநீர்ச்சாலைகள் நடத்திய லண்டன் லயன்ஸ் நிறுவனமே. 'லியோ' என்ற அக்கணனி வெதுப்பகக் கணக்கில் தொடங்கி, பின்னர் தேயிலைக் கலவைக் கணக்கையும் பார்த்தது.

ஆகவே, கணனி மந்திரத்தில் விளைந்ததன்று. பொறுமையான கணக்கில் விளைந்தது. மலையகப் பாடசாலைகளிலோ கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நெடுநாட் குறையாகவே இருந்து வருகிறது. கணனிக் கூடத்துக்கு நாடா வெட்டுவது எளிது. கணிதம் கற்பிக்க ஒருவரை நியமித்து, அவரை அங்கேயே நிலைத்திருக்கச் செய்வதுதான் கடினம். அது இல்லாவிடில் கணனிகள் பூட்டிய அறையில் தூசு படிந்தே கிடக்கும்.

டொமி பிளவர்ஸ் ஒரு கொத்தனாரின் மகன். கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கும் அத்தகைய ஆற்றல் இருக்கக்கூடும். அதற்கு வழிதிறக்க வேண்டிய பொறுப்பு கல்வி அதிகாரிகளுக்கும் எமது அரசியல் தலைமைகளுக்கும் உரியது. இதை அவர்கள் இனியேனும் உணர வேண்டும்.