தனியார் ஜெட்டில் போனால் சோதனை கிடையாதா?

2018 மே 12. பொதுத் தேர்தலில் தோற்று மூன்றே நாளான மலேசிய முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக், மனைவி ரோஸ்மாவுடன் சுபாங் விமான நிலையத்திலிருந்து தனியார் ஜெட்டில் ஜாகர்த்தா போகப்போகிறார் என்ற செய்தி பரவியது. விமான நிலைய வாயிலில் மக்கள் திரண்டார்கள். குடிநுழைவுத் துறை இருவருக்கும் பயணத் தடை விதித்தது, பயணம் நின்றது. 2022 ஆகஸ்டில் நஜிப் காஜாங் சிறைக்குப் போனார்.

பணக்காரர்களின் விமானத்துக்கு எல்லைச் சோதனை கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எந்த விமானத்தில் வந்தாலும் பயணி அந்தந்த நாட்டின் கடப்பிதழ், குடிநுழைவு, சுங்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது 1944 சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு. மலேசியாவின் 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட நுழைவாயில் வழியாகத்தான் வரவும் போகவும் முடியும்.

பணம் வாங்கித் தருவது தனி முனையத்தையும் வரிசையில்லாத வழியையும். சோதனை அங்கும் உண்டு. கவனிக்கும் கண்கள்தான் குறைவு. 2019 டிசம்பர் 29 அன்று, ஜாமீனில் இருந்த நிசான் முன்னாள் தலைவர் கார்லோஸ் கோன், ஒலிக்கருவிப் பெட்டிக்குள் ஒளிந்து ஜப்பானின் கன்சாய் விமான நிலையத்தைக் கடந்தார். எக்ஸ்ரே கருவிக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய பெட்டி அது; யாரும் திறந்து பார்க்கவில்லை. அதன் பிறகே, தனியார் ஜெட்டில் ஏறும் பெரிய பெட்டிகளைச் சோதிப்பதை ஜப்பான் கட்டாயமாக்கியது.

இலங்கையில் குடிநுழைவு அதிகாரிகள் உறுதியாக நின்றார்கள். 2022 ஜூலையில் வெளியேற முயன்ற அதிபர் கோத்தபய ராஜபக்சவின் கடப்பிதழில் முத்திரை குத்த, கட்டுநாயக்க விமான நிலையத்தின் விஐபி அறைக்கு வர அவர்கள் மறுத்ததாக ஏஎஃப்பி தெரிவித்தது. கடைசியில் விமானப்படை விமானத்தில்தான் அவர் மாலத்தீவு போய்ச் சேர்ந்தார்.

மலேசியாவில், கேமரன் மலையின் கோலா தெர்லாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் குடிநுழைவுச் சட்டம் நன்றாகத் தெரியும். அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தவர் என்று தீர்ப்பானால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை கிடைக்கலாம். கேமரன் மலையில் காட்டும் கண்டிப்பைத் தனி முனையத்திலும் காட்ட வேண்டும். பயணிகள் பட்டியல் முன்கூட்டியே வர வேண்டும். ஒவ்வொரு முகமும் கடப்பிதழோடு ஒப்பிடப்பட வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் சோதிக்கப்பட வேண்டும். ஏழைக்கு ஒரு எல்லை, பணக்காரருக்கு ஒரு எல்லை என்று நாட்டுக்கு இரண்டு எல்லைகள் இருக்கக் கூடாது.