விழுந்த கோபுரத்தை ‘அப்படியே’ கட்ட முடியுமா?

ராகு-கேது பரிகாரத்துக்குக் காளஹஸ்தி போய்வந்தவர்கள் நம்ம தருமபுரிப் பக்கம் நிறைய பேர். அங்கே இருக்கிற ராஜகோபுரத்தைப் பற்றிக் கேட்டால், “ராயர் காலத்துக் கோபுரம்ப்பா” என்பார்கள். இல்லை. இப்போது நிற்பது 2017-ல் திறந்தது. நம்ம ஜூனியர்களை விடவே வயசில் சின்னது.

கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டிய ஏழு நிலைக் கோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. முந்தைய வாரம்தான் லைலா புயல் ஆந்திரக் கரையைக் கடந்திருந்தது. ஆனால் விரிசல் பல வருஷமாகவே இருந்தது. அது பெரிதாவதைப் பார்த்து ஆட்களை முன்பே அப்புறப்படுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை.

அடுத்து என்ன கட்டுவது? கோயில் என்பதால் பதில் சுலபம்: அதே மாதிரி, அதே ஏழு நிலை. ஆனால் சிவில் படிக்கிறவங்க இங்கேதான் கேள்வி கேட்கணும். ‘அதே மாதிரி’ என்றால் எதுவரைக்கும்? பொம்மைகள் வரைக்குமா, அஸ்திவாரம் வரைக்குமா?

கோபுரத்துக்கு நடுவில் வாசல். அதனால் மொத்த எடையும் இரண்டு பக்கக் கால்கள் வழியாக மண்ணுக்கு இறங்குகிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஒரு பக்க மண் நனைந்து இன்னொரு பக்கத்தை விடக் கொஞ்சம் அதிகமாக அமுங்கினால் போதும். வாசலுக்கு மேலே இழுவிசை உண்டாகி விரிசல் நெட்டுக்குத்தாக ஏறும். பழைய கோபுரத்தை நகல் எடுக்கிறவர் இந்தப் பலவீனத்தையும் சேர்த்தே நகல் எடுத்துவிடலாம். சரி, எல்லாவற்றையும் ஆர்.சி.சி-யில் கட்டிவிடலாமே என்றால், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். சுண்ணாம்புக் கட்டு 500 வருஷம் நின்ற மாதிரி அது நிற்குமா என்று ஸ்தபதிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதே சண்டை வெனிஸில் 1902-லேயே நடந்திருக்கிறது. புனித மார்க் சதுக்கத்து மணிக்கூண்டு ஜூலை 14 அன்று சரிந்தது (செத்தது காவலாளியின் பூனை மட்டும்). “இருந்த இடத்தில், இருந்தபடியே” என்று நகரசபை அன்றைக்கே முடிவெடுத்தது. புது நூற்றாண்டுக்குப் புதுக் கட்டடம் வேண்டாமா என்று கேட்டவர்களும் உண்டு. 1912-ல் திறந்தபோது வெளியே அச்சு அசல் பழசு. உள்ளே கதை வேறு: கூடுதல் மரத்தூண்களை அடித்து அஸ்திவாரத்தை அகலப்படுத்தி, எடையைக் குறைத்து, இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டையும் சேர்த்திருந்தார்கள். என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான நகல்.

நியூயார்க்கில் விவாதம் ரொம்ப முற்றியது. உலக வர்த்தக மையம் 2001 செப்டம்பர் 11-ல் விழுந்த பிறகு, இரட்டைக் கோபுரங்களையே திரும்பக் கட்டணும் என்று ஒரு கூட்டம். அங்கே எதுவுமே கட்டக் கூடாது என்று இன்னொரு கூட்டம். 2002 ஜூலையில் ஆறு திட்டங்களைக் காட்டினார்கள். 4,000 பேருக்கு மேல் கூடி உட்கார்ந்து பேசி, ஆறும் தேறாது என்றார்கள். அடுத்த வருஷம் டேனியல் லிபெஸ்கிண்டின் திட்டம் தேர்வானது. பிறகு கோபுரத்தின் வடிவமைப்பு டேவிட் சைல்ட்ஸ் கைக்குப் போனது. 2005-ல் போலீஸ் பாதுகாப்புக் கேள்வி எழுப்ப, வரைபடத்தை மறுபடி மாற்றினார்கள்.

திறந்தது 2014 நவம்பரில். அழகில் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. படிக்கட்டைப் பற்றிப் படித்த பிறகுதான் மதிப்பு வந்தது. பழைய வடக்குக் கோபுரத்தில் மூன்று படிக்கட்டுகளையும் சுற்றி இருந்தது வெறும் ஜிப்சம் பலகை. விமானம் மோதியதும் மூன்றும் அடைபட்டன. அந்த மாடிகளுக்கு மேலே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. புதியதில் படிக்கட்டுகள் கனமான கான்கிரீட் சுவருக்குள் இருக்கின்றன. தீயணைப்பு வீரர்களுக்கென்று தனிப் படிக்கட்டும் உண்டு.

பழசிலிருந்து ஒன்றை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். உச்சிக் கம்பத்தைக் கழித்துவிட்டால் கூரையின் உயரம் 1,368 அடி. பழைய வடக்குக் கோபுரத்தின் கூரையும் சரியாக அதே உயரம்தான்.